உறைமேல் எழுதிய ஒரு சொல்

ஆரணி,
வியாழக்கிழமை காலை.

அன்புள்ள ஜெயப்ரியாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம்தான், அங்கே குளிர் குறைந்து நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, தைலத்தாலா வெயிலாலா என்று சொல்லத் தெரியவில்லை. உன் தம்பி ராஜ்குமாருக்குத் தெள்ளாருக்கு மாற்றல், தினமும் பஸ்ஸில் போய் வருகிறான். இதைப் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்பப் போகிறவனும் அவன்தான், போனில் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

உன் ஆய்வகத்தில் செய்த, வெப்பம் தாங்கும் பிசினில் நானோ துகள் கலந்ததும் கலக்காததுமாக இரண்டு ஜோடித் துண்டுகள் அனுப்பி, சோப்பும் சோடாவும் கொதிக்கும் நீரில் தாங்குகிறதா பார்க்கச் சொன்னாய் அல்லவா, முதல் ஜோடியை நம் தெரு ஜீவானந்தத்தின் சாயப் பட்டறையில், பட்டின் பசை போக வேகவைக்கும் அண்டாவில் பத்து நாள் போட்டேன். இரண்டும் ஒரே தேன் நிறம். அடையாளத்துக்குக் கையில் கிடைத்த, இன்னும் வேகவைக்காத பட்டு நூலைக் கட்டினேன், நானோ துண்டுக்கு இரண்டு முடிச்சு, மற்றதற்கு ஒன்று. எடுத்தபோது இரண்டிலும் நூல் இல்லை. ஒன்று நேராக இருந்தது, மற்றது வளைந்திருந்தது. நேராக இருந்ததுதான் நானோ துண்டு என்று உனக்கு எழுதிவிட்டேன். ஆதாரம் எதுவும் இல்லை, உன் கை பட்டது நன்றாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். பள்ளிப் பிள்ளைகளின் ரெக்கார்ட் நோட்டில் இதே தவற்றைச் சிவப்பு மையால் அடித்தவன் நான். பிறகு ஜீவானந்தத்திடம் மெல்லச் சொன்னேன். இன்னா சார், பட்டு வேகுற அண்டாவுல பட்டு நூலையே கட்டிப் போட்டீங்களா, பசை வுட்டா முடிச்சு நிக்குமா, இத்தினி வருசம் கெமிஸ்ட்ரி சொல்லிக் குடுத்துகினு இருந்தவரு நீங்கதானா என்று சிரித்தார். பட்டறையில் அடையாளத்துக்கு எப்போதும் பருத்தி நூல்தானாம். இதே தெருவில் முப்பது வருடம் இருந்தும் நான் கவனித்ததில்லை. இரண்டாவது ஜோடியில் நானோ துண்டின் ஓரத்தை மட்டும் அரத்தால் கீறிப் போட்டு நேற்று எடுத்தேன். வளைந்தது நானோ துண்டு. துகள் சரியாகப் பரவாமல் கட்டிபட்டிருக்கலாம், அது என் ஊகம் மட்டுமே, ஒரு ஜோடியை வைத்து எதுவும் சொல்ல முடியாது. திங்கட்கிழமை நீ கொடுக்கும் அறிக்கையில் என் சோதனையைப் பற்றிய வரியை எடுத்துவிடு. உன் மேலதிகாரி கேட்டால் தவறு அப்பாவுடையது என்றே சொல். நான்கு துண்டுகளும் இன்று கூரியரில் வருகின்றன. இரண்டாவது ஜோடியின் உறைகளில் விவரம் எழுதியிருக்கிறேன். முதல் ஜோடியை ஒரே உறையில் போட்டு, மேலே ‘தெரியாது’ என்று எழுதியிருக்கிறேன்.

நீ நல்ல உடம்போடும் நிம்மதியோடும் நீண்ட நாள் இருக்க வேண்டும். அந்த வரியை எடுத்ததும் ஒரு வார்த்தை அனுப்பு.

உன் அப்பா,
சிவப்பிரகாசம்