வேலி போட்டவர்கள்

செவ்வாய் இரவு, அம்மருட் வீட்டில்

நித்திரை கொள்ளாமல் எழுதுவதற்கு என்னை நானே மன்னிக்க வேணும். சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.

வெள்ளிக்கிழமை பல்கலைக்கழகத்தில் என் முதல் உரை. கூச்சம் போக, இன்று சாப்பாட்டு மேசையில் அம்மா அப்பாவுக்குச் சொல்லிப் பார்த்தேன். அமெரிக்காவுக்குப் போன ஸ்பானியர் நகரமும் தேவாலயமும் கட்டி, அங்கிருந்த மக்களை அடக்கி வேலை வாங்கினார்கள். அந்தப் பெண்களையே மணமும் முடித்தார்கள். பிரெஞ்சுக்காரர் கொஞ்சப் பேர்தான். தோல் வியாபாரத்துக்காக அந்த மக்களின் பாஷையைப் படித்தார்கள். ஆங்கிலேயர் குடும்பத்தோடு போய் வேலி போட்டார்கள்.

"வேலியோ?" அப்பா நிமிர்ந்தார். "அப்ப உன்ர பெரியப்பாவும் இங்கிலிஷ்காரன்தான்."

யாழ்ப்பாணத்தில் பெரியப்பா ஒவ்வொரு முறை வேலி அடைக்கும்போதும் கதியால் தடிகளைப் பக்கத்துக் காணிக்குள் கொஞ்சம் தள்ளி நடுகிறவர். அம்மாவுக்குச் சிரித்துப் புரையேறியது.

"இல்லையப்பா, இவங்கள் காணிக்காரரையே வெளியிலை துரத்தினவங்கள்."

"ஓம், அதை வடிவாச் சொல்லு. பெரியப்பாவையும் விடாதை."

பயம் போய்விட்டது. ஆனால் அப்பா என்னைப் பல்கலைக்கழகத்தில் இறக்கிவிடும்போதெல்லாம் காருக்குள்ளேயே இருந்துவிடுவார். படித்த ஆட்களுக்குள் தனக்கென்ன வேலை என்பார். அதனால் மேசையில் கேட்க வாய் வரவில்லை. காலையில் இப்படிக் கேட்பேன்:

அப்பா, வெள்ளிக்கிழமை உள்ளுக்கு வாங்கோ. முன் வரிசையிலை இருங்கோ.