கூப்பிடாத பந்தி

புஜ்ஜி,

இன்று ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வரும்போது எளாவூர் செக்போஸ்ட் கிட்டே வண்டி நின்றுவிட்டது. முன்னாலும் பின்னாலும் லாரிகள் அடைத்துக்கொண்டு நின்றன. ஜன்னல் வழியாக மீன் வாசனை வந்தது. எண்ணெயில் வறுக்கிற வாசனை இல்லை. கரி நெருப்பில் கல் உப்பு போட்டு, தலையோடு வைத்துச் சுடுகிற வாசனை. பக்கத்தில் இருந்தவளிடம் "இந்த வாசன எங்க வரும் தெரியுமா?" என்று கேட்க வாய் எடுத்தேன். அவள் புதுசாகச் சேர்ந்த பெண். காதில் செல்போன் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தாள். நான் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டேன். அழுகிறேன் என்று அவளுக்குத் தெரியக் கூடாதே.

நீ போய்ப் பத்து மாசம் ஆகிறது. மூன்று நாள் காய்ச்சலில் ஒரு ஆள் போய்விட முடியும் என்று இன்னும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. உனக்கு நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. அஞ்சாவது வரைக்கும் படித்தவள் எழுதுவது, தப்பு இருந்தால் சிரிக்காதே. சிரித்தாலும் பரவாயில்லை. எதற்குத்தான் நீ சிரிக்காமல் இருந்தாய்?

ஞாபகம் இருக்கிறதா, அந்த வருஷம் நம் ஷூ கம்பெனியில் புது மிஷின் வாங்கினார்கள். அதில் தைக்கப் பழகிக்கொண்டு வர போர்ச்சுகல் நாட்டில் போர்ட்டோ என்கிற ஊருக்கு இரண்டு பேரை அனுப்பப் போகிறோம் என்று சூப்பர்வைசர் சொன்னார். லைனில் கை வேகமானவர்கள் என்று நம் இரண்டு பேர் பெயரும் வந்தது. அதுவரைக்கும் நாம் பார்த்த பெரிய ஊர் மெட்ராஸ்தான். புடவைக்கு மேலே ஸ்வெட்டர், காலில் சாக்ஸ், அதற்கு மேலே செருப்பு. அப்படியே ஏரோப்ளேனில் ஏறிவிட்டோம்.

பகலெல்லாம் அங்கத்துக் கம்பெனியில் வேலை. சாயங்காலம் வேனில் கொண்டுவந்து லாட்ஜில் விட்டுவிடுவார்கள். ஜூன் மாசம். ராத்திரிச் சாப்பாட்டு நேரத்திலும் வெயில் அடிக்கிற ஊர் அது. கொண்டுபோன பருப்புப்பொடி, ஊறுகாய், கடையில் வாங்கின ரொட்டி, இதை வைத்தே முழு மாசத்தையும் ஓட்டிவிடலாம் என்று நான் இருந்தேன். ஒரு வாரம்கூட நீ பொறுக்கவில்லை. ரொட்டியைத் தூக்கிக் கட்டில்மேல் போட்டாய்.

"இன்னாடி பேஜாரு இது? ஊறுகாய நக்கிக்கினு கெடக்கறதுக்கா இம்மாந்தூரம் வந்தோம்? எழுந்துரு. சத்தமா இருக்கற கடையா பாத்து சாப்புடலாம்."

"சாப்பாட்டுக்கு எதுக்குடி சத்தம்?"

"சத்தம் இல்லாத எடத்துல எனக்கு சோறு எறங்காது."

ஆற்றங்கரையில் வரிசையாகக் கடைகள் இருந்தன. மேஜைமேல் வெள்ளைத்துணி, மெழுகுவர்த்தி, வாசலில் சாப்பாட்டுப் படங்கள். கறுப்புக் கோட்டுப் போட்ட ஆள் நம்மைப் பார்த்துக் குனிந்து கையை உள்பக்கம் காட்டினான். நான் பயந்து நின்றுவிட்டேன். நீ என் கையைப் பிடித்து இழுத்தாய்.

"வாசல்ல நின்னு கூவுறான்னா உள்ள ஈ ஓட்றான்னு அர்த்தம். வா இப்டி."

மேட்டுத் தெருக்களில் படிக்கட்டு படிக்கட்டாக ஏறினோம். ஒவ்வொரு கடை வாசலிலும் நின்று தலையை உள்ளே விட்டுப் பார்த்தாய். "இவங்க குசுகுசுன்னு பேசறாங்க, ஆஸ்பத்திரியாட்டம்." அடுத்த கடை. "இங்க டிவி மட்டுந்தான் பேசுது." உள்ளே இருப்பவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு மானம் போனது. அப்புறம்தான் கவனித்தேன், நீ ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை. குனிந்து மேஜைக்குக் கீழே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"இன்னா தேடற?"

"ஷூ."

லாரி நிற்கிற கடையில்தான் சாப்பாடு நன்றாக இருக்கும் என்று நம் ஊரில் சொல்வாய். அங்கே லாரி இல்லை. அதனால் காலைப் பார்த்தாய். பாலிஷ் போட்ட புது ஷூ என்றால் நமக்கான கடை இல்லை. குதிகால் தேய்ந்து, சிமெண்ட் ஒட்டி, ஓரத்தில் தையல் விட்ட ஷூக்கள் ஒன்றை ஒன்று மிதித்துக்கொண்டு நின்றால் அங்கே நுழையலாம். "இந்த ஷூவ போட்டுக்கினு வரவன் துட்ட வீணாக்க மாட்டான்டி. வாய்க்கு ருசியா இருந்தாதான் வருவான்" என்றாய். எத்தனையோ ஷூ தைத்த கைதான் என்னுடையதும். எனக்கு அப்படிப் பார்க்கத் தோன்றியதே இல்லை.

ஆனால் அந்த மாதிரிக் கடைகளில் எல்லாம் நுழைந்ததுமே பாட்டில்கள் அடுக்கியிருந்தன. ஆண்களும் பெண்களும் தோளோடு தோள் இடித்து நின்று குடித்தார்கள், தின்றார்கள், மேஜையைத் தட்டிக்கொண்டு கத்தினார்கள். நம் ஊரில் பார் இருக்கிற தெருவில்கூட நாம் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடப்பவர்கள். நான் வரமாட்டேன் என்று வெளியே நின்றுவிட்டேன். நீ கூட்டத்துக்குள் புகுந்தாய். விரலை நீட்டி நீட்டிக் காட்டி, மீனும் உருளைக்கிழங்கும் பிசைந்து போண்டா மாதிரி பொரித்ததைக் காகிதத்தில் வாங்கிக்கொண்டு வந்தாய். நான் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று தின்றேன். ஒரு நாள் கடைக்காரர் எனக்காக ஒரு நாற்காலி கொண்டுவந்து தெருவில் போட்டார். அதற்கு நான் இன்னும் கூசிப்போனேன். அடுத்த நாள் அந்தத் தெரு பக்கமே போகவேண்டாம் என்றேன்.

நான் ஏன் அப்படி என்று கேட்க மாட்டாய். நீயும்தானே பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய்.

நமக்குப் பத்து வயசு இருக்கும். நம் அப்பாக்கள் கூலிக்குப் போன நிலத்துக்காரர் வீட்டுக் கல்யாணம், பொன்னேரியில். அப்பாக்கள் பின்பக்கம் விறகு பிளந்துகொண்டிருந்தார்கள். நாம் போய் முதல் பந்தியில் உட்கார்ந்துவிட்டோம். இலையில் சோறும் விழுந்துவிட்டது. பின்னாலிருந்து ஒரு கை என் முழங்கைக்கு மேலே பிடித்துத் தூக்கியது.

"எந்த ஊட்டுப் புள்ளைங்க இதுங்க? யாரு கூப்ட்டா உங்கள? எழுந்துருங்க, அப்பால பாத்துக்கலாம்."

பந்தி முழுக்க நம்மைப் பார்த்தது. என் இலையில், போட்ட சோறு போட்டபடி இருக்க, வேறு ஒரு பிள்ளையை உட்கார வைத்தார்கள். நீ எழுந்திருக்கும்போதே இலையிலிருந்த வடையை எடுத்துக்கொண்டு ஓடினாய். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பாதியைப் பிய்த்து எனக்கு நீட்டினாய். "நம்மளதான் எழுப்பனாங்க. வடைய எழுப்பல, தின்னு." நான் தின்னவில்லை. அன்றிலிருந்து யார் வீட்டு விசேஷமானாலும் சரி, பெயர் சொல்லி என்னைக் கூப்பிடாமல் நான் உட்கார்ந்ததில்லை. கல்யாணமாகி வந்த வீட்டிலும் அப்படித்தான். கம்பெனி கேன்டீனிலும் அப்படித்தான்.

போர்ட்டோவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ சண்டைக்கே நின்றாய். "இன்னிக்கு நீ உள்ள வரலன்னா நானும் வெளிய வரமாட்டேன். அங்கியே குடித்தனம் பண்ணிக்கினு இருந்துடுவேன்." தப்பிக்கிறதற்காக நான் சொன்னேன், "ஃபேமிலி ரூம் இருந்தா வரேன்." பொன்னேரி ஓட்டலில் பொம்பளைகள் போனால் பின்பக்கம் திரை போட்ட ரூமில் உட்கார வைப்பார்களே, அதைச் சொன்னேன். நீ துளிகூட யோசிக்கவில்லை.

"இருக்கும்டி. எந்த ஊர்ல குடும்பம் இல்ல?"

தேய்ந்த ஷூக்கள் நிறைய நின்ற ஒரு கடைக்குள் என்னைத் தள்ளிக்கொண்டு போனாய். நான் தரையைப் பார்த்தபடியே நடந்தேன். கூட்டத்தைத் தாண்டினால், பின்னால் நிஜமாகவே மணி கோத்த திரை ஒன்று தொங்கியது. அதை விலக்கினால் நீளமான மேஜை, சுற்றிலும் பொம்பளைகள், பிள்ளைகள், வயசானவர்கள். "பாத்தியா!" என்று என் இடுப்பில் இடித்தாய். கடைசியில் இரண்டு நாற்காலி காலியாக இருந்தது. உட்கார்ந்தோம். நான் மூச்சு விட்டேன்.

எல்லோரும் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். தங்களுக்குள் ஏதோ பேசினார்கள். பிறகு ஏப்ரன் கட்டின அம்மா வந்து, எதுவும் கேட்காமல் நமக்குத் தட்டு வைத்தாள். சுட்ட மீன், சோறு, உருளைக்கிழங்கு. நம் பக்கத்துக் கவலை மீனேதான், கொஞ்சம் பெரிசு. "ஆர்டர்கூட கேக்கல பாரு. மீல்ஸ்போல" என்றாய். சிவப்பாக ஏதோ ஊற்றினார்கள். நான் தம்ளரைத் தள்ளி வைத்தேன். நீ நாக்கில் வைத்துப் பார்த்து, "புளிச்சுப்போன திராட்ச" என்று முகத்தைச் சுளித்துவிட்டு இன்னொரு வாய் குடித்தாய்.

அப்போதுதான் எல்லோரும் எழுந்து நின்றார்கள். நீளமான வெள்ளைக் கவுன் போட்ட கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு சின்னப்பெண் உள்ளே வந்தாள். பின்னால் மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு ஒருவர். நீ என் தொடையைக் கிள்ளினாய்.

"ஏய். ஞானஸ்நானம்டி. இது அவங்க ஊட்டு விசேஷம்."

என் வாயில் மீன் இருந்தது. முழுங்க முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. பெரிய உடம்புக்காரர் ஒருவர் மேஜை ஓரமாக, நாற்காலிகளுக்குப் பின்னால் நம்மை நோக்கி நடந்து வந்தார். என் முழங்கைக்கு மேலே அந்தப் பழைய கை வந்து பிடித்த மாதிரி இருந்தது. அவர் எழுப்புவதற்குள் நானே எழுந்துவிட்டேன். அவர் என்னவோ சொல்லி என் தோளில் கை வைத்து அழுத்தினார். உட்கார் என்கிறார் என்று உனக்குப் புரிந்தது. எனக்கு அந்தக் கை மட்டும்தான் தெரிந்தது. எல்லோரும் சிரித்தார்கள். திரையை இடித்துக்கொண்டு, ஷூக்களையெல்லாம் மிதித்துக்கொண்டு ஓடிவந்து தெருப் படிக்கட்டில் நின்றேன்.

நீ உடனே வரவில்லை. நான் போனதற்குப் பிறகு நடந்ததை நீ படிக்கட்டுக்கு வந்து சொல்லித்தான் தெரியும். குழந்தையைக் கையில் வாங்கி, உன் கண்மையைத் தொட்டு அதன் கன்னத்தில் திருஷ்டிப்பொட்டு வைத்துவிட்டாய். பெற்றவள் பதறிப்போய்விட்டாளாம். நீ கண்ணைக் காட்டி, தூ தூ என்று துப்பிக் காட்டியதும் ஒரு கிழவிதான் முதலில் சிரித்தாளாம்.

"முத்தம் குடுத்துச்சிடி அந்தக் கெழவி, ரெண்டு கன்னத்துலயும். ஒரே எச்சி. நீ இன்னாத்துக்கு ஓடியாந்த?"

"கூப்புடாத விருந்துடி அது."

"அது அவங்களுக்குத் தெரியாதா? தெரிஞ்சிதான் தட்டு வெச்சாங்க."

"எனக்குத் தெரியாம போச்சே."

நீ என் பக்கத்தில் படிக்கட்டில் உட்கார்ந்தாய். பிறகு கேட்டாய், "யாருனா கூப்ட்டாதான் உக்காருவியா?"

"ஆமா."

"செரி. இனிமே நான் கூப்புடறேன்."

சொல்லிவிட்டுக் கடை வாசலில் போய் நின்று, என் பெயரைச் சொல்லி, ஏலம் போடுகிறவள் மாதிரி கத்தினாய். "சாப்ட வாடீ!" கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மறுபடி கத்தினாய். உன் வாயை அடைக்கத்தான் நான் உள்ளே வந்தேன். தலை நிமிராமல் உட்கார்ந்தேன். ஆனால் தின்றேன் புஜ்ஜி. அந்தப் பெரிய மனிதர் என் தட்டில் இன்னொரு மீன் வைத்தார், அதையும் தின்றேன்.

ஊருக்கு வந்த பிறகும் நீ விடவில்லை. தினம் கேன்டீனில் டிபன் பாக்ஸைத் திறப்பதற்கு முன்னால் என் பெயரைச் சொல்லிக் கத்துவாய். லைனில் எல்லோரும் கேலி பண்ணினார்கள். "இன்னா, மகாராணிய கூப்ட்டாச்சா?" எனக்கு முகம் எரியும். மெதுவாகக் கூப்பிடு என்று எத்தனை தடவை கெஞ்சியிருப்பேன்! இப்போது கேன்டீனில் நான் கடைசியாகப் போகிறேன், கூட்டம் கலைந்த பிறகு. நின்றபடியே இரண்டு வாய் போட்டுக்கொண்டு டப்பாவை மூடிவிடுகிறேன்.

உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு விடியலிலேயே வந்துவிட்டேன். பாத்திரம் தேய்த்தேன், தண்ணீர் பிடித்து வைத்தேன், வாழைக்காய் நறுக்கினேன். காரியத்துச் சாப்பாட்டுக்கு யாரையும் வா என்று கூப்பிடுவது வழக்கம் இல்லை. தெரிந்தவர்கள் தானாக வருவார்கள், தானாக உட்காருவார்கள். உன் வீட்டுக்காரர் பந்தல் ஓரத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். முதல் பந்தி உட்கார்ந்தது. எழுந்தது. அடுத்ததும் உட்கார்ந்து எழுந்தது. நம் லைன் பெண்கள் எல்லாம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்தார்கள். நான் பந்தல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இலை போட்டிருந்தது, இடமும் இருந்தது. கால் போகவில்லை.

உன் மாமியார் பார்த்துவிட்டு வந்தார். "சாப்ட்டியாம்மா?"

"சாப்ட்டேன் அத்த."

உன் வீட்டில் நின்று, உன் மாலை போட்ட படத்துக்கு எதிரில் அப்படிச் சொன்னேன். வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டேன். பாஷை தெரியாத ஊரில், யார் வீட்டுக் குழந்தைக்கோ போட்ட விருந்தில் உட்கார்ந்து இரண்டு மீன் தின்றவள், உனக்காகப் போட்ட இலையில் ஒரு வாய்ச் சோறு தின்னவில்லை. இதை யாரிடம் சொல்ல முடியும்? என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் பைத்தியக்காரி என்பார். உன்னிடம் சொல்லவும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

இன்னும் இரண்டு மாசத்தில் உனக்குத் தெவசம் வருகிறது. அதற்கும் யாரும் யாரையும் கூப்பிட மாட்டார்கள். எப்படியும் நான் விடியலிலேயே வந்துவிடுவேன், பாத்திரம் தேய்ப்பேன், காய் நறுக்குவேன். அது எனக்குக் கஷ்டமில்லை. அதற்குப் பிறகுதான் இலை போடுவார்கள். அப்போது நீ கத்த மாட்டாய். நானாகப் போய் உட்காரட்டுமா, புஜ்ஜி?