காய்ச்சல் இல்லாத நாள்

அதியமான்கோட்டை,
ஆவணி, வெள்ளிக்கிழமை.

என் அன்புக்கும் மரியாதைக்கும் உரிய வீட்டுக்காரர் அவர்களுக்கு நிர்மலாதேவி எழுதுவது.

இங்கே நானும் பாப்பாவும் அத்தையும் சுகம். உங்கள் தம்பி சத்யராஜ் எழுந்து நடமாடுகிறான். நீங்கள் சுகமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் "நல்லா இருக்கறன்" என்பீர்கள். கல்யாணம் ஆன நாளிலிருந்து உங்களிடம் அந்த ஒரு பதில்தான் இருக்கிறது.

போன வாரம் போனில், ஒருநாள் விட்டு ஒருநாள் குளிரடித்துக் காய்ச்சல் வருகிறது, நடுவில் ஒன்றும் இல்லை, வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன் என்றீர்கள். நான் வாயைத் திறந்ததும் "டவர் இல்ல, கேக்கல" என்று வைத்துவிட்டீர்கள். உங்கள் டவரைப் பற்றி எனக்குத் தெரியாதா? கடிதத்தை அப்படி வைக்க முடியாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சத்யராஜ் உங்கள் போர்வெல் ரிக் வண்டியிலிருந்து ஊருக்கு வந்ததும் காய்ச்சலில் படுத்தான் என்பது வரைக்கும் உங்களுக்குத் தெரியும். அது எவ்வளவு தூரம் போனது என்று தெரியாது. அத்தை சொல்ல வேண்டாம் என்றார்கள். இப்போது சொல்கிறேன்.

தர்மபுரியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சேர்த்த பிறகுதான் தெரிந்தது, அங்கே நர்ஸாக இருப்பது சுகுணா அக்கா. அரூரில் நாம் சத்யராஜுக்குப் பேசி வைத்திருக்கிற பெண் கலைமதிக்கு அவர் சொந்தச் சித்தி. ரிக் வண்டிக்குப் போகிற மாப்பிள்ளைக்குப் பெண் கொடுக்க மாட்டோம் என்று அவர்கள் சொன்னதும், தம்பி ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறான் என்று நாம் எல்லோரும் சேர்ந்து சொன்னதும் உங்களுக்கு நினைவிருக்கும். டாக்டர் முதல் நாளே கேட்டார், எங்கே வேலை, வெளியூர் எங்காவது போய் வந்தாரா என்று. சுகுணா அக்கா பக்கத்திலேயே நின்றார். அத்தை யோசிக்கவே இல்லை. "ஓசூருங்க, வேற எங்கயும் போகலைங்க" என்றார்கள். சத்யராஜ் கண்ணை மூடிக்கொண்டான். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டெங்குவுக்குப் பார்த்தார்கள், இல்லை. டைபாய்டும் இல்லை. சி.ஆர்.பி. என்று ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். உடம்புக்குள் எங்காவது அழற்சி இருந்தால் அந்த எண் ஏறுமாம். ஐந்துக்குள் இருக்க வேண்டியது அவனுக்கு நூற்றைம்பதைத் தாண்டியிருந்தது. ரத்தத்தில் கிருமித் தொற்று இருக்கும் என்று ஊசி போட ஆரம்பித்தார்கள்.

மறுநாள் காய்ச்சல் விட்டது. இட்லி கேட்டு வாங்கித் தின்றான். தலை வாரிக்கொண்டான். வூட்டுக்குப் போகலாம் என்று அத்தை துணிப்பையைக் கூட மடித்து வைத்துவிட்டார்கள். எனக்கும் உயிர் வந்தது. ஆனால் அன்றைக்கு எடுத்த ரத்தத்தில் அந்த எண் முந்தைய நாளை விட ஏறியிருந்தது. டாக்டர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆளப் பாத்தா தேறிட்டாரு. ரத்தத்தப் பாத்தா தேறலைங்க" என்றார். இந்த எண் உள்ளே எரிகிறது என்று மட்டும்தான் காட்டும், எதனால் எரிகிறது என்று காட்டாது என்றும் சொன்னார்.

அடுத்த நாள் சாயங்காலம் குளிர் வந்தது. கட்டிலே ஆடியது. மூன்று கம்பளி போட்டும் நிற்கவில்லை. கண் மஞ்சளாகிவிட்டது. என்னைப் பார்த்து "அம்மா" என்றான், அண்ணி என்று அடையாளம் தெரியவில்லை. டாக்டர் வந்து, வேறு ஏதாவது சொல்லாமல் விட்டிருக்கிறீர்களா என்று மறுபடி கேட்டார். அத்தை என் கையைப் பிடித்து அழுத்தினார்கள். சுகுணா அக்கா எதிரில்தான் இருந்தார்.

கையை உருவிக்கொண்டு சொல்லிவிட்டேன். ஓசூர் இல்லைங்க, சத்தீஸ்கர் காட்டுப் பக்கம் அண்ணனோடு போர்வெல் போடுகிற வண்டியில் இருந்தான், அங்கே எல்லோருக்கும் காய்ச்சல் என்று. அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள். கல்யாணம் போயிற்று என்றுதான் நானும் நினைத்தேன். சுகுணா அக்கா ஊசியும் குப்பியும் எடுத்து வந்தார். பிறகு, "பொண்ணு குடுக்கறதும் குடுக்காததும் அப்பறம் பேசிக்கலாம். மொதல்ல கைய நீட்டச் சொல்லுங்க" என்று அவரே ரத்தம் எடுத்தார்.

மலேரியா. அதற்கான மருந்து ஏறியதும் மூன்றாம் நாள் அந்த எண் பாதியானது, அப்புறம் இன்னும் இறங்கியது. தினமும் அந்தச் சீட்டுக்காக லேப் வாசலில் போய் நின்றேன். பத்தாவது ரிசல்ட்டுக்குக் கூட இப்படி நின்றதில்லை. அரூரிலிருந்து இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அத்தை என்னோடு பேசுகிறார்கள், ஆனால் சுவரைப் பார்த்துக்கொண்டு.

தேறிய பிறகு சத்யராஜ் இன்னொன்று சொன்னான். வண்டியில் ஒரு டப்பாவில் மலேரியா மாத்திரை வைத்திருப்பீர்களாமே. காய்ச்சல் வந்தவர் இரண்டு போட்டுக்கொண்டு, விட்டதும் மிச்சத்தை அடுத்தவருக்கு வைத்துவிடுவாராமே. என்ன நல்ல மனசு! சோற்றைப் பங்கு போடுங்கள், பீடியைப் பங்கு போடுங்கள், அந்த மாத்திரையை மட்டும் பங்கு போடாதீர்கள். காய்ச்சல் அடங்கும், நோய் உள்ளேயே இருக்கும் என்கிறார் டாக்டர். நீங்கள் நன்றாக இருப்பதாகச் சொல்கிற அந்த நடு நாளை இனிமேல் நான் நம்பமாட்டேன். அந்த நாளில்தான் உங்கள் தம்பி தலை வாரிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

கடைசியாகச் சொல்ல வேண்டியது. இந்தக் கடிதத்தை உங்கள் கையில் கொடுக்கிற கருப்பண்ணன் அண்ணன் சும்மா வரவில்லை. உங்களுக்குப் பதிலாக வண்டியில் வேலை பார்க்க வந்திருக்கிறார். உங்களைக் கேட்காமல் முதலாளி சவுரியப்பன் வீட்டுக்கு நானே போனேன். "மாதவராஜ் இல்லாம வண்டி ஓடாதும்மா" என்றார். அவர் இல்லாமல் என் வீடு ஓடாதுங்க என்றேன். கருப்பண்ணன் அண்ணனை அனுப்பச் சம்மதித்தார். வண்டியில் துளை போடுகிற அந்த லீவரில் வேறு ஆள் கை வைக்க நீங்கள் விட்டதில்லை என்று எனக்குத் தெரியும். அது உங்களுக்கு எவ்வளவு வலிக்கும் என்றும் தெரியும். தெரிந்தேதான் செய்தேன்.

கருப்பண்ணன் அண்ணனுக்கு இந்தி வரும். முதலில் அங்கே இருக்கிற அரசு ஆஸ்பத்திரிக்கு அவரோடு போங்கள். ரத்தம் கொடுத்து மருந்தைத் தொடங்குங்கள். டாக்டர் சரி என்ற பிறகு ரயில் ஏறுங்கள். மாத்திரை ஒன்றுகூட மிச்சம் வைக்கக் கூடாது.

எனக்குப் பயமாக இருக்கிறது. அன்றைக்குக் கட்டிலில் ஆடிய உடம்பில் நான் உங்கள் முகத்தைத்தான் பார்த்தேன்.

கோபம் வரும். என்னைத் திட்ட வேண்டும் என்று தோன்றும். போனில் திட்டாதீர்கள், டவர் கிடைக்காது. வூட்டுக்கு வந்து, என் எதிரில் உட்கார்ந்து, ஆசை தீரத் திட்டுங்கள். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசமாட்டேன்.

முனியப்பன் வழி முழுக்க உங்கள் கூட வரட்டும்.

இப்படிக்கு,
திட்டு வாங்கக் காத்திருக்கும்
நிர்மலாதேவி