விரதத்தில் நிறுத்திய மாத்திரை

அண்ணே,

உன் அலமாரியை இன்றைக்குத்தான் காலி செய்தேன். வேட்டிகளுக்கு அடியில் ஒரு பிஸ்கட் டின். திறந்தால் வலிப்புக்குக் கொடுத்த கேப்சூல்கள், ஒன்றோடொன்று ஒட்டிப்போய்க் கிடந்தன. அந்தத் தைப்பூச விரதத்தில் நீ விழுங்காமல் ஒளித்தவை. அட போண்ணே, குப்பையிலாவது போட்டிருக்கக் கூடாதா? தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது உன் தலையில் கட்டியை எடுத்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. கட்டி என்ன ரகம், எவ்வளவு எடுக்க முடிந்தது, உன் வயது, இவையெல்லாம் நம் கையில் இல்லை என்றார் டாக்டரம்மா. மாத்திரையும் வீட்டில் கவனிக்கிற ஆளும்தான் நம் கையில். அந்த ஆள் நான். தலையை நன்றாக ஆட்டிவிட்டு வந்து, போனில் படித்ததை உன்னிடம் உளறினேன்: "அண்ணே, இந்த கேப்சூல் தோலு மாட்டுலதான் செய்றாங்களாம்லா."

விரதம் தொடங்கியதும் எனக்குத் தெரியாமல் அவற்றை ஒளிக்க ஆரம்பித்தாய். விரதத்தின் பதினெட்டாம் நாள் குளியலறையில் விழுந்தாய். குனோங் ராபாட்டில் இருக்கிற நம் வீட்டுக்கு ஆம்புலன்ஸ் வந்து சேர்கிற வரைக்கும் வலிப்பு நிற்கவில்லை. ரத்தத்தில் மருந்தே இல்லை என்றார்கள்; நீ கண் விழித்ததும் உன்னைத் திட்டித் தீர்த்தேன்.

"முருகனுக்கு விரதம் இருக்கேன், மாட்ட முழுங்க சொல்றியா?" என்றாய், நாக்குக் குழற.

உறையில்லாத மாத்திரையும் இருக்கிறது, கேட்டால் மாற்றித் தருவோம் என்றாள் மருந்து கவுண்டர் மலாய்ப் பெண். அவள் ஆட்கள் எதில் செய்தது, பன்றி ஏதும் இருக்கிறதா என்று தினமும் கேட்பார்களாம். நமக்குத்தான் கேட்கக் கூச்சம். வாயை மூடிக்கொண்டு வாங்கி வருவோம்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் இருந்தாய். அந்த வலிப்பில் விழுந்துபோன வலது கைக்கு மட்டும் அசைவு திரும்பவில்லை. கோயிலில் குருக்கள் விபூதியோடு வந்தால் இடது கையை நீட்ட மாட்டாய். "நீ வாங்கி பூசி வுடும்மா" என்று தலையைக் குனிந்துகொள்வாய். லாரி ஓட்டிய மனுஷன் என்னிடம் நெற்றியைக் காட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்க எனக்குத் தாங்காது.

கட்டி மறுபடி வளர்ந்து நீயும் போன பிறகு, மாத்திரையை நிறுத்தியதால்தானா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "இல்லம்மா. எடுக்க முடியாத இடத்துல மிச்சம் இருந்துச்சி. எப்படியும் வளர்ந்திருக்கும்" என்றார். இனி நிம்மதியாக இரு என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

உன் கையைப் பற்றி மட்டும் அவரிடம் கேட்கவில்லை, அண்ணே. அது என் வாயால் போனது.