டைக்மன் வீட்டுப் பெயர்

கிறிஸ்துமஸ் நாடகத்துக்குக் கறுப்புக் கோட்டு வேண்டும் என்று கோயிலிலிருந்து கேட்டு வந்தார்கள். உங்களுடையதைக் கொடுக்கலாம் என்று பீரோ முன்னால் உட்கார்ந்து கீழறையைத் திறந்தேன். பாச்சை உருண்டை வாசம் வந்ததும் எழுந்து நின்றுவிட்டேன். அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு நீங்கள் பூசைக்குப் புறப்படும்போது நான் உட்கார்ந்திருக்கக் கூடாதே, அந்தப் பழக்கம். நீங்கள் கண்ணை மூடி நாலு வருஷமாகியும் என் கால் அதை மறக்கவில்லை.

உள்பையில் ஒரு காகிதம் இருந்தது. பழைய பங்குச் சாமியார் உங்களுக்கு எழுதியது. எழுத்துக் கூட்டி மூன்று தடவை வாசித்தேன். “நீ அஞ்சாங் கிளாஸ், ஒனக்கு என்ன தெரியும்? வாய மூடிட்டு இரு” என்பீர்களே, இதை வாசிக்க அந்த அஞ்சாம் வகுப்பு போதுமானதாக இருந்தது.

கல்யாணமாகி வந்த அன்றே உங்கள் அம்மா வாசலிலிருந்த பித்தளைப் பலகையைக் காட்டினார்கள். “ஏட்டி, டைக்மன்னு போட்டிருக்கு பாத்தியா? கொளச்சல் சண்டைக்குக் கப்பலோட்டி வந்த டச்சுக் கப்பித்தான் பேரு. ஒனக்கு அப்பன் பேரத் தாண்டி என்ன பேரு உண்டு?” என் அப்பா சைக்கிளில் குலசேகரம் வரை மீன் கொண்டுபோய் விற்றவர். அன்றைக்கு வாயை மூடியவள்தான். சனிக்கிழமைதோறும் புளி போட்டு அந்தப் பலகையைத் தேய்த்தேன். கை வெந்ததே தவிர, என் அப்பாவைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை உங்கள் வாயிலிருந்து வரவில்லை.

கப்பித்தான் கதையை எழுத்தில் வாங்கிக் கண்ணாடி போட்டு மாட்ட வேண்டும் என்று நீங்கள்தான் சாமியாரிடம் கேட்டிருக்கிறீர்கள். அவர் பழைய ஞானஸ்நானப் புத்தகத்தைத் தேடிப் பார்த்துப் பதில் எழுதியிருக்கிறார்: “குளச்சல் போருக்குப் பின் இங்குள்ள கோட்டையில் தங்கிய டச்சுச் சிப்பாய்களில் டைக்மன் என்று ஒருவர் இருந்தார். கோட்டைச் சமையலுக்கு மீன் சுமந்த தங்கள் முன்னோர் ஞானஸ்நானம் பெற்றபோது, அவர் ஞானத்தகப்பனாக நின்றார். அக்கால வழக்கப்படி ஞானத்தகப்பனின் குடும்பப்பெயரே ஞானப்பிள்ளைக்கு இடப்பட்டது. இரத்த உறவு ஏதுமில்லை. டச்சு நாட்டில் அப்பெயர், கடல் ஊருக்குள் ஏறாமல் மண்கரை கட்டி அதன் ஓரத்தில் வாழ்ந்தவர்களுக்கு வந்தது.”

கப்பித்தானும் இல்லை, கப்பலும் இல்லை. அவர்கள் மண் சுமந்தவர்கள், நம்மவர் மீன் சுமந்தவர். இதில் என்ன கேவலம்? என் அப்பாவும் அதைத்தான் செய்தார்.

ஆனால் காகிதத்தின் மேலே தேதி இருந்தது. நம் மகள் பிலோமிக்குச் சம்பந்தம் வந்த வருஷத்துத் தவக்காலம். தவக்காலம் முடிந்து, உயிர்ப்புத் திருநாளும் கழிந்துதானே தன் மகன் சூசைக்கு அவளைப் பெண் கேட்டு அவன் அப்பா வந்தார்? வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிற மனிதர். கையில் ஓலையில் கோத்த நெய்மீன்.

“கப்பித்தான் வம்சத்துப் பிள்ளைய மீன் நாறுற வீட்டுக்கு அனுப்பவா? அந்த மீனயும் எடுத்துக்கிட்டு நடையும் வேய்” என்றீர்கள்.

அவர் கோபப்படவில்லை. “ஒம்ம கப்பித்தான் பஸ்ஸுலயா வந்தாரு? கப்பல்ல வந்தவருக்கும் கொஞ்சம் மீன் நாறியிருக்கும்லா” என்று சிரித்துக்கொண்டே போனார்.

பிலோமி அவனைத்தான் கட்டினாள். நீங்கள் வாசற்கதவைச் சாத்தினீர்கள். “அப்பா வான்னு ஒரு வாக்கு சொல்லட்டு, அன்னைக்கு வாறேன்” என்று அவளும் பிடிவாதமாக இருந்தாள். பதினெட்டு வருஷம். உங்கள் அடக்கத்தன்றும் பெற்ற மகள் வெளியே பெயர்ப்பலகைக்குக் கீழே நின்றுதான் அழுதாள். பெயருக்காகச் செய்கிறார், பாவம், அவருக்கு அதுதான் உயிர் என்று இத்தனை நாளும் உங்களுக்காக எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்கள் அந்தக் காகிதத்தைக் கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டல்லவா கதவைச் சாத்தியிருக்கிறீர்கள்!

உங்கள் பெயரும் தேதியும் இருந்த மேல் ஓரத்தைக் கிழித்துவிட்டு, மிச்சத்தை எடுத்துக்கொண்டு குளச்சலில் பிலோமி வீட்டுக்கு பஸ் ஏறினேன். சாமியார் எழுதி அனுப்பாமலே விட்டது, கோயிலில் பழைய பெட்டியில் கிடந்ததாம் என்று அவளிடம் நீட்டினேன். இரண்டு தடவை வாசித்தாள்.

“யம்மா, அப்பாக்கு இது தெரியுமா?”

“தெரியாது மக்கா. தெரிஞ்சா ஒன்ன விட்டிருப்பாரா?”

“தெரியாமத்தான செஞ்சாரு” என்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தாள். சூசையும் வந்தான், ஓலையில் கோத்த நெய்மீனோடு. உங்கள் படத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று உங்களை மன்னித்துவிட்டு, என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டாள்.

நான் மன்னிக்கவில்லை. கிழித்த அந்த ஓரம் என் சுருக்குப்பையில், வெற்றிலைக்கு அடியில் இருக்கிறது. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாலும், பிலோமியிடம் ‘தெரியாது’ என்ற அந்தப் பொய்யை மட்டும் சொல்லாமல் எழுந்து வருகிறேன். சொன்னால், அது மகளுக்காகச் சொன்ன பொய்யா, உங்களுக்காகச் சொன்னதா என்றும் சொல்ல வேண்டியிருக்கும்.