மொட்டைப்பாறையில் மூடுபனி

14.10.1979, ஞாயிறு

பன்னிரண்டு வருடம் நச்சரித்த பிறகு, போடிமெட்டுக்கு மேலே இருக்கும் மொட்டைப்பாறைப் பூங்காவுக்கு இன்றுதான் இவர் என்னைக் கூட்டிப்போனார். உச்சி மேசை மாதிரித் தட்டையாக இருக்கும். அங்கிருந்து பார்த்தால் எங்கள் ஊரே காலடியில் தெரியுமாம்.

ஏலக்காய் வியாபாரியோடு மலையேறினால் இப்படித்தான். வழியில் ஒரு தோட்டத்தில் காய் உலர்த்தும் வாசனை வந்ததுமே ஜீப்பை நிறுத்தச் சொன்னார். "ரெண்டே நிமிசம், வெரசா வந்துர்றேன்." காயைப் பிளந்து, மோந்து, மென்று பார்த்து முடிக்க இரண்டு மணி நேரம். நான் புளியோதரைத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பிலேயே உட்கார்ந்திருந்தேன்.

உச்சிக்குப் போனபோது பனி மூடிவிட்டது. பூங்காவின் கம்பிவேலியைத் தவிர எதுவும் தெரியவில்லை.

"மலை எங்க போயிரப் போகுது? இன்னொரு நாள் வருவோம்" என்றார்.

வீட்டு வாசலில் எதிர்வீட்டு அக்கா என்னிடம்தான் கேட்டாள், "எப்படி இருந்துச்சு?" என்று. நான் வாய் திறக்குமுன் இவர் முந்திக்கொண்டார்: "வைகை அணை வரைக்கும் பளிச்சுன்னு தெரிஞ்சுச்சுக்கா!"

இப்போது நிம்மதியாகக் குறட்டை விடுகிறார். இவர் மேல் உள்ள கோபம் விடிந்தால் ஆறிவிடும். நான் எதற்கு ஆமாம் என்று தலையாட்டினேன்?