ஒன்றாம் ரேக்குக்குப் போன கீரைத் தட்டு

அனுப்புநர்:
1. க. வளர்மதி, வயது 41
2. ஏ. பரிமளா, வயது 44
மருதம்பாக்கம் கிராமம்,
உத்திரமேரூர் வட்டம்,
காஞ்சிபுரம் மாவட்டம்.

பெறுநர்:
திட்ட அலுவலர் அவர்கள்,
மகளிர் உள்ளரங்கக் கீரை வளர்ப்புத் திட்டம்,
காஞ்சிபுரம்.

பொருள்: எஸ்எம்டி வகை எல்இடி விளக்கில் நாங்கள் வளர்த்த லெட்டூஸ் கீரையை சிஓபி விளக்கில் வளர்ந்ததாகத் தங்களுக்குக் காட்டியது – அதன்பேரில் நாற்பது வீடுகளுக்கு சிஓபி விளக்கு வழங்கவிருப்பதை நிறுத்தி வைக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தாங்கள் 16.07.2025 அன்று பயிற்சிக் கூடத்துக்கு வருகை தந்து, ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டுப் பாராட்டியது.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. மனுதாரர்களாகிய எங்களில் வளர்மதி, வாலாஜாபாத் அரிசி ஆலை ஒன்றில் நிறம் மாறிய அரிசியைப் பிரித்தெடுக்கும் இயந்திரத்தருகே எட்டு ஆண்டுகள் வேலை பார்த்தவர். பரிமளா பதினேழு வயது முதல் நடவு வேலைக்குப் போகிறவர். ஒருவருக்கு நிறம் தெரியும், மற்றவருக்கு நாற்று தெரியும் என்ற தகுதியில் தங்கள் திட்டத்தில் சேர்ந்தோம். உத்திரமேரூரில் பழைய நெல் குடோனில் 02.06.2025 முதல் நடக்கும் பயிற்சிக்கு ஒருநாள் தவறாமல் வருகிறோம் என்பதை வருகைப் பதிவேட்டில் காணலாம்.

2. ஒரகடம் பக்கத்துக் கொரிய ஓட்டல்களுக்கு லெட்டூஸ் கீரை வேண்டும், அது நம் ஊர் வெயிலில் வாடும், ஆகவே வீட்டுக்குள் விளக்கடியில் வளர்க்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லித் தரப்பட்டது. வெயிலுக்கு இத்தனை பஞ்சமில்லாத ஊரில் கீரைக்கு விளக்கா என்று அன்று சிரித்தோம். அதற்காக வருந்துகிறோம். இரண்டே வாரத்தில் நாங்களும் விளக்கைப் பார்த்தே பொழுது போக்குகிறவர்களாகி விட்டோம்.

3. ஒரு தட்டுக்கு இருபத்துநான்கு செடி. ஒன்றாம் ரேக்கில் முதன்மைப் பயிற்றுநர் திரு. வி. வினோத்குமார் தமது மாதிரித் தட்டை, ஒன்றேகால் அடி மேலே தொங்கும் சிஓபி விளக்கின் கீழ் வைத்தார். எங்களுக்குக் கிடைத்தது ஏழாம் ரேக், எஸ்எம்டி பலகை. நான்காம் ரேக்கில் ஃபிளிப் சிப் விளக்கு ஒன்று, ஒன்றே ஒன்று, மாதிரிக்காகத் தொங்கியது. "சூரியன் ஒண்ணுதானேக்கா? அத மாதிரிதான் சிஓபி. ஒரே எடத்துலருந்து பவர் வரும்" என்று பயிற்றுநர் விளக்கினார். சூரியன் ஒன்றேகால் அடி உயரத்தில் இல்லையே என்று பரிமளா கேட்டார். அதற்குள் டீ வந்து விட்டது.

4. தங்கள் பார்வைக்காக மூன்று விளக்குகளையும் எங்களுக்கு விளங்கியபடி எழுதுகிறோம். வெளிச்சம் தரும் சிப்பு எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே சங்கதிதான். அதை எப்படிப் பொதிந்து, எப்படி உட்கார வைக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

எஸ்எம்டி என்பது ஒவ்வொரு சிப்பையும் தனித்தனிச் சின்னப் பொதியாக்கிப் பலகையில் இடைவெளி விட்டு ஒட்டுவது. வரிசை நடவு போல. வெளிச்சம் தட்டு முழுக்கச் சமமாக விழும், சூடும் பரவிப்போகும். குறையும் உண்டு: எங்கள் பலகையில் ஒரு ஒட்டு விட்டுப்போய் அந்த வரிசை மொத்தமும் அணைந்து, சரிசெய்ய இரண்டு நாள் ஆனது.

சிஓபி என்பது பல சிப்புகளை ஒரே தகட்டில் நெருக்கி உட்கார வைத்து, மேலே மொத்தமாக ஒரே மஞ்சள் பூச்சு பூசுவது. நாற்றங்காலில் நெருக்கி விதைத்தது போல. ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குள் அத்தனை வெளிச்சமும் கூடி, நேர் கீழே கொட்டும். அத்தனை சூடும் அங்கேயே கூடும்.

ஃபிளிப் சிப் என்பது சிப்பைக் குப்புறக் கவிழ்த்து வைப்பது. மற்றவற்றில் உள்ள மயிரிழைக் கம்பி இதில் இல்லை, ஆகவே அது அறுந்துபோகும் பயமும் இல்லை. சூடு நேரே தகட்டுக்கு இறங்கும். நான்காம் ரேக்கில் இருபத்துநான்கு செடியும் நன்றாக வந்தன. ஆனால் ஒரு விளக்கை வைத்துத் தீர்ப்புச் சொல்ல எங்களுக்குத் துணிவில்லை.

5. நாற்பத்துநான்கு நாளில் ஒன்றாம் ரேக்கில் நடந்தது இது. நடுவில் இருந்த ஆறு செடி வெளுத்து நுனி கருகின. ஓரத்துச் செடிகள் வெளிச்சத்தைத் தேடி நடுப்பக்கம் சாய்ந்து, கூட்டத்தில் எட்டிப் பார்ப்பவர்கள் போல நின்றன. மொத்தத்தில் தட்டுக்கு நடுவில் வழுக்கை விழுந்தது. பயிற்றுநர் மறுபடி விதைத்தார், மறுபடி விழுந்தது. உரத்தை மாற்றினார், தண்ணீரை மாற்றினார், மின்விசிறி வைத்தார். விளக்கை மட்டும் மாற்றவில்லை. எங்கள் தட்டில் ஒரு செடி போக, மீதி இருபத்துமூன்றும் நிமிர்ந்து நின்றன.

6. தாங்கள் வருகை தந்த அன்று காலை ஒன்பது மணிக்கு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கி உள்ளே போனால், ஏழாம் ரேக்கில் எங்கள் பெயர்ச்சீட்டுக்குக் கீழே வழுக்கைத் தட்டு இருந்தது. மூலை உடைந்து நாங்கள் நீல டேப் ஒட்டிய எங்கள் தட்டு, ஒன்றாம் ரேக்கில், 'வி. வினோத்குமார், முதன்மைப் பயிற்றுநர்' என்ற அட்டைக்குப் பின்னால் இருந்தது.

"எங்க தட்டு அங்க இன்னா பண்ணிக்கினு கீது சார்?" என்று பரிமளா கேட்டார்.

"கொஞ்ச நேரம்க்கா. மேடம் வந்துட்டுப் போவட்டும். பேஜார் பண்ணாதீங்க" என்றார் பயிற்றுநர். அவர் முகம் வியர்த்திருந்தது. அதற்குள் வாசலில் தங்கள் ஜீப் நின்றது.

தாங்கள் ஒன்றாம் ரேக்கில் ஒரு இலையைக் கிள்ளித் தின்று, "நாப்பது வீட்டுலயும் இப்படி வரணும்" என்றீர்கள். அந்த இலை எங்களுடையது. பிறகு ஏழாம் ரேக்குக்கு வந்து, எங்களை இரக்கத்தோடு பார்த்து, "தண்ணி ஒழுங்கா ஊத்தலையாம்மா?" என்று கேட்டீர்கள். தங்களுடன் வந்த எழுத்தர் பதிவேட்டில் எங்கள் பெயருக்கு நேரே 'நீர் பராமரிப்பில் கவனக்குறைவு' என்று எழுதிக்கொண்டார். தங்களிடம் அப்போதே உண்மையைச் சொல்லாதது எங்கள் குற்றம். சொன்னால் சான்றிதழ் போய்விடுமோ என்று பயந்தோம். பரிமளாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அதையும் ஒழுங்காக ஊற்றத் தெரியாமல் முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

7. அதன்பின் நடந்ததுதான் இம்மனுவின் முக்கிய ஆதாரம். தொழில்நுட்பக் குழு ஒரு வாரத்தில் வரக்கூடும் என்று தகவல் வந்ததால் பயிற்றுநரால் தட்டுகளைத் திருப்பி மாற்ற முடியவில்லை. எங்கள் தட்டு அவர் விளக்கின் கீழேயே இருந்தது. ஆறாவது நாள் அதற்கும் நடுவில் வழுக்கை. எங்களிடம் தள்ளப்பட்ட அவருடைய தட்டுக்கு எங்கள் எஸ்எம்டி பலகையின் கீழ், அதே தண்ணீரை அதே கையால் ஊற்றினோம். பழைய இலை பழையபடியே இருக்க, நடுவிலிருந்து புது இலை பச்சையாக வந்தது. நாங்களாக இந்தச் சோதனையைச் செய்திருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். இதைச் செய்து முடித்தவர் பயிற்றுநரே. குழு வரவில்லை.

8. 23.07.2025 மாலை திரு. வினோத்குமார் எங்கள் தட்டைப் பைக்கில் கட்டிக்கொண்டு மருதம்பாக்கத்தில் பரிமளா வீட்டுக்கு வந்தார். பரிமளாவின் கணவர் ஏசுதாஸ் நாற்காலி போட்டார். கொடுத்த டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தவர், "பாடம் எடுக்கறவன் தட்டே காஞ்சிப்போய் கீதுன்னா யாரு மதிப்பாங்கக்கா?" என்றார்.

"டீ ஆறுது, குடி சார்" என்றார் பரிமளா.

சிஓபியே சிறந்தது என்று தாம் கொடுத்த அறிக்கை மேலே போய்விட்டதாகவும், மாதக் கடைசியில் நாற்பது சிஓபி விளக்குக்குக் கையெழுத்தாகும் என்றும் அவர் சொன்னார். இப்போது மாற்றிச் சொன்னால் வேலைக்கே ஆபத்தாம். "அப்ப நாங்க எழுதறோம். உங்க பேரும் அதுல வரும் சார்" என்று வளர்மதி சொன்னார். பயிற்றுநர் டீயைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்து, "எழுதுங்க" என்றார்.

9. அவருக்கு நியாயம் செய்யும் பொருட்டு ஒன்றைத் தெரிவிக்கிறோம். நான்காம் பத்தியை இரண்டு நாள் கழித்து அவரிடமே காட்டினோம். நாங்கள் எல்லாவற்றையும் 'பல்பு' என்று எழுதியிருந்ததை அடித்துத் திருத்தினார். 'சிஓபி மோசமான சரக்கு' என்றொரு வரி இருந்தது. "அப்படி எழுதாதீங்கக்கா, அது பொய். சரக்கு நல்ல சரக்குதான். எடம்தான் தப்பு" என்றார். சோதித்துப் பார்த்தோம். அதே விளக்கைக் குடோனின் உயரமான மூலையில் நாலடி மேலே கட்டி, கீழே மிளகாய்ச் செடி வைத்தோம். மூன்றே நாளில் செடி தெளிந்து நின்றது. அவர் சொன்னது சரி. புகாருக்கு உள்ளானவரே புகாரைத் திருத்திக் கொடுத்த வழக்கம் அலுவலகத்தில் உண்டா என்று தெரியவில்லை. இல்லையெனில் பொறுத்தருள்க.

10. ஆனால் நாற்பது வீட்டிலும் அந்த உயரமான மூலை கிடையாது. எங்கள் வீடுகளுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பகலில் உள்ளே நிற்கவே முடியாது. எங்களுக்குத் தரவிருக்கும் மூன்றடுக்கு ரேக்கில் தட்டுக்கும் விளக்குக்கும் ஒன்றேகால் அடிதான். அங்கே சிஓபி போனால் நாற்பது வழுக்கைத் தட்டு கிடைக்கும். நாற்பது பெண்களின் பெயருக்கு நேரே 'நீர் பராமரிப்பில் கவனக்குறைவு' என்று எழுதப்படும். அவர்களும் தங்களைத்தான் குறை சொல்லிக்கொள்வார்கள், விளக்கை அல்ல. ஏழாம் ரேக்கின் முன் அன்று பத்து நிமிடம் நின்றபோது எங்களுக்கே, ஒருவேளை தண்ணீர் சரியாக ஊற்றவில்லையோ என்று தோன்றி விட்டது.

11. ஆகவே தங்களிடம் கேட்டுக்கொள்வது:

நாற்பது விளக்குகளுக்கான உத்தரவில் தாங்கள் கையெழுத்திடுவதை நிறுத்தி வைக்க வேண்டும். மூன்று வகை விளக்கையும் எங்கள் ஊரில் ஏதாவது ஒரு ஆஸ்பெஸ்டாஸ் வீட்டில், ஒரே விதை, ஒரே தண்ணீர் வைத்து இருபத்தொரு நாள் பார்க்க வேண்டும். பரிமளா வீட்டின் முன்னறையைக் காலி செய்து வைத்திருக்கிறோம். ஏசுதாஸ் சம்மதித்து விட்டார், கட்டில் மட்டும் எங்கே போவது என்று கேட்கிறார்.

பதிவேட்டில் எங்கள் பெயருக்கு நேரே உள்ள குறிப்பை அடிக்க வேண்டும். அது இருக்கும்வரை, ரேக் பெறும் நாற்பது வீடுகளின் முதல் அணியில் எங்களுக்கு ரேக் இல்லை என்று சொல்லப்பட்டிருக்கிறது.

திரு. வினோத்குமார் மீது நடவடிக்கை எடுத்தே தீர வேண்டுமெனில், அடுத்த பயிற்சி அணிக்கும் அவரையே பாடம் எடுக்கச் சொல்லி, முதல் நாள் வகுப்பில் தமது தட்டை மறைக்காமல் மேசைமேல் வைக்க ஆணையிடலாம். தப்பான இடத்தில் வைத்த விளக்கு என்ன செய்யும் என்று அவரைவிட நன்றாகச் சொல்லித் தர இந்த மாவட்டத்தில் வேறு ஆள் இருப்பதாக எங்களுக்குத் தெரியவில்லை.

இரண்டு தட்டுகளையும் இம்மனுவுடன் நேரில் கொண்டு வந்திருக்கிறோம். பேருந்தில் இரண்டுக்கும் சேர்த்து ஒரு இருக்கை கொடுத்தார்கள். தாங்கள் இம்முறையும் கிள்ளித் தின்று பார்க்கலாம், யாருடையது என்று கேட்டுக்கொண்டு.

இடம்: காஞ்சிபுரம்
நாள்: 28.07.2025

இப்படிக்கு, தங்கள் உத்தரவை எதிர்பார்த்து வராண்டாவில் உட்கார்ந்திருக்கும்,

க. வளர்மதி
ஏ. பரிமளா

இணைப்பு: கீரைத் தட்டுகள் இரண்டு, 16.07.2025 மற்றும் 22.07.2025 தேதியிட்ட புகைப்படங்கள் ஆறு.

சாட்சி: நான்காம் பத்தியில் விளக்குகளைப் பற்றி எழுதியிருப்பது சரி. ஆறாம் பத்தியில் என்னைப் பற்றி எழுதியிருப்பதும் சரி. கையெழுத்துப் போடச் சொல்லி இவர்கள் என்னைக் கேட்கவில்லை.
வி. வினோத்குமார், முதன்மைப் பயிற்றுநர்